கைது எட்டுக் காலம் (column), விடுதலை ஒற்றைப் பத்தி: பயங்கரவாதச் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் இருந்து வரும் பயங்கரவாதச் செய்தியை வேலூர் வாசகர் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவார். வேலூர் பதிப்பில் தெருப் பெயரோடு வரும் செய்தி அப்படிப் போகாது. கஸ்பாவில் எந்த வீடு, பேர்ணாம்பட்டில் யாருடைய மகன் என்று அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், தோல் கம்பெனி சூப்பர்வைசர் 'கொஞ்ச நாள் வராதே' என்பார், நிச்சயித்த கல்யாணம் நிற்கும். செய்தி தவறு என்று ஆறு வருடம் கழித்துத் தெரிந்தாலும் இவற்றில் ஒன்றையும் திருப்பித் தர முடியாது. மாவட்டப் பதிப்பு, உள்ளூர் கேபிள், யூடியூப் சேனல் ஆகியவற்றில் செய்தி எழுதுகிறவர்களையும், அதைப் படித்து அடுத்தவருக்கு அனுப்புகிறவர்களையும் மனதில் வைத்துதான் இதை எழுதுகிறோம்.

முதல் மணி நேரத்திலேயே காரணம் சொல்வது

நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் 2016 பிப்ரவரி 6 அன்று பலத்த வெடிப்பு. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் பள்ளம் விழுந்தது. வெடிகுண்டா என்ற பேச்சு முதலில் கிளம்பியது. அடுத்த நாளே, விழுந்தது விண்கல் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை வந்தது. பிறகு நாசா விஞ்ஞானிகள், படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பாகத் தெரிகிறது, விண்கல்லாகத் தெரியவில்லை என்றார்கள். சில நாள் இடைவெளியில் ஒரே பள்ளத்துக்கு மூன்று காரணம். அந்தந்த நாளில் அந்தந்தக் காரணத்தை ஊர் நம்பியது. அந்த இடத்தில் எது வெடித்தது என்பது ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டிய விஷயம். நிருபர் சொல்லக்கூடியது வெடித்த நேரம், இடம், இறந்தவர், காயமடைந்தவர், இதைச் சொன்னது யார் என்பது வரைதான்.

தவறு எதிர்த் திசையிலும் நடக்கும். கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் எதிரே 2022 அக்டோபர் 23 அதிகாலையில் கார் வெடித்தபோது, முதலில் வந்தது 'காரில் இருந்த சிலிண்டர் வெடித்தது' என்ற செய்தி. சில நாட்களில் வழக்கு என்ஐஏ என்கிற தேசியப் புலனாய்வு முகமையிடம் போனது. சிலிண்டர் என்று முதலில் உறுதியாக எழுதியவர்கள், 'ஏதோ மறைக்கப் பார்த்தார்கள்' என்ற சந்தேகத்துக்குத் தாங்களே வழி செய்துகொடுத்தார்கள். பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கெடுவது ஒன்றேதான்: அடுத்த முறை செய்தியை யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் செய்தியில் காரணத்துக்கு ஒரு வரி போதும்: 'வெடிப்புக்கான காரணம் இன்னும் தெரியவில்லை, தடய அறிவியல் துறையினர் மாதிரிகள் எடுத்துள்ளனர்.' இந்த வரியை எடுத்துவிட்டு 'சதிச்செயலா?' என்று கேள்விக்குறி போடும் பழக்கம் டெஸ்க்கில் இருக்கிறது. கேள்விக்குறி யாரையும் காப்பாற்றாது. வாசகர் அதைப் பார்ப்பதில்லை. போஸ்டரில் படிப்பவர் கண்ணில் 'சதி' என்ற எழுத்து மட்டும்தான் படும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு குழப்பம் ஜெலட்டின். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் கல்குவாரிகள் உண்டு. பாறை நிலத்தில் கிணறு ஆழப்படுத்த வேட்டு வைப்பதும் உண்டு. எனவே ஜெலட்டின் குச்சியும் டெட்டனேட்டரும் பிடிபட்டால் முதலில் பார்க்க வேண்டியது வழக்குப் பதிவான சட்டம். 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டம் என்றால் பெரும்பாலும் உரிமம் இல்லாமல் வைத்திருந்தது, கொண்டுபோனது போன்ற விதிமீறல். 1908-ம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம் என்றால் உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து விளைவிக்கும் நோக்கம் பற்றிய குற்றச்சாட்டு. உபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் பிரிவு சேர்ந்திருந்தால் மட்டுமே பயங்கரவாதம் என்ற பேச்சுக்கே இடம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-வது பிரிவிலும் பயங்கரவாதச் செயல் குற்றமாக வருகிறது, அதையும் பார்க்க வேண்டும். சரக்கு எந்தக் குவாரியின் இருப்புப் பதிவேட்டில் இருந்து வெளியே வந்தது, உரிமம் யார் பெயரில் என்றும் கேளுங்கள். 'வேலூரைத் தகர்க்கச் சதி' என்ற தலைப்பு அந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடலாம்.

எதை எதோடு கலந்தார்கள், எந்தப் பொருளில் டைமர் செய்தார்கள், எங்கே வாங்கினார்கள் என்ற விவரம் எந்தப் பதிப்பிலும் வேண்டாம். அது வாசகருக்கு ஒரு பயனும் தராது.

படியைத் தாண்டி எழுதுவது

இதுதான் பெரிய தவறு. வழக்கில் பல படிகள் உண்டு: விசாரணைக்கு அழைப்பு, கைது, ரிமாண்ட், குற்றப்பத்திரிகை, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவது, சாட்சி விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு. நம் செய்திகளில் இரண்டு படிதான்: 'சிக்கினார்', 'பயங்கரவாதி'.

விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் சாட்சியாகவும் இருக்கலாம். அவர் பெயரும் படமும் அந்தக் கட்டத்தில் வரக் கூடாது. கைதானவரைக் கைதானவர் என்றும், குற்றப்பத்திரிகையில் பெயர் வந்தவரைக் குற்றம் சாட்டப்பட்டவர் என்றும் எழுதுங்கள். தீர்ப்புக்குப் பிறகுதான் குற்றவாளி. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அதற்கும் ஒரு வரி உண்டு. தலைப்பில் இடம் இல்லை என்பது சாக்கு. 'கைதானவர்' என்ற சொல் 'தீவிரவாதி'யை விட நீளமில்லை.

உபா வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய நீதிமன்ற அனுமதியோடு 180 நாள் வரை அவகாசம் உண்டு. போலீஸ் தரப்பு ஆவணங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் தரக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 43டி(5) பிரிவு. ஆகவே 'ஜாமீன் மறுப்பு' என்பதை, நீதிமன்றமே குற்றத்தை உறுதி செய்ததுபோல எழுதுவது தவறு. வழக்கு என்ஐஏவுக்கு மாறியதையும் அப்படித்தான் பெரிதாக்குகிறார்கள். என்ஐஏ சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றம் பதிவானால் மாநில அரசு மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அது 15 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். இது நடைமுறை. ஆதாரம் வலுத்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

வேலூர்க்காரர்களுக்கு இந்தப் படிகளின் அருமை தொரப்பாடி மத்தியச் சிறையிலேயே தெரிந்திருக்க வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கின் கைதிகள் சிலர் இருந்த சிறை அது. அந்த வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று தடா (அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை அந்தத் தண்டனையில் இருந்து விடுவித்தது. மூவருக்கு ஆயுள், நால்வருக்கு மரண தண்டனை என்று நின்றது. பலரும் மறந்த சங்கதி, தடா சட்டத்தின் கீழ் விதித்த தண்டனைகள் எல்லாமே அந்தத் தீர்ப்பில் ரத்தாயின. எஞ்சியவர்கள் தண்டிக்கப்பட்டது கொலை, சதி ஆகியவற்றுக்காக. பிறகு 2014 பிப்ரவரி 18-ல் மூவரின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18-ல் பேரறிவாளனும், நவம்பர் 11-ல் மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள். 31 வருடத்தில் இந்த வழக்கைப் பற்றி மக்கள் மனம் எவ்வளவு மாறியது என்பது எல்லோருக்கும் தெரியும். 1991-ல் முகாம்களில் இருந்த இலங்கைத் தமிழர் அனைவர் மீதும் விழுந்த கோபமும், 2011 ஆகஸ்டில் மூவரின் தூக்குக்கு எதிராகத் தமிழகம் முழுக்க எழுந்த குரலும் ஒரே வழக்கின் இரண்டு பக்கங்கள். இடையில் மாறியது சாட்சியம் அல்ல. எதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதுதான் மாறியது.

'பரபரப்பு வாக்குமூலம்' என்ற தலைப்பு

போலீஸாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-வது பிரிவு. அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது தொடர்பான பகுதி மட்டும் செல்லும். தடாவின் 15-வது பிரிவில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும் என்று இருந்தது, உபாவில் அது கிடையாது. நீதிபதி பார்க்கவே கூடாத ஒரு தாளை நாம் மூன்று லட்சம் பேருக்கோ மூவாயிரம் பேருக்கோ படித்துக் காட்டுகிறோம். 'கோட்டையை நோட்டமிட்டதாக ஒப்புக்கொண்டார்' என்று எழுதியபின், அவர் விடுதலையானாலும் ஊர் சொல்லும்: 'அவனே ஒத்துக்கிட்டானே, பேப்பர்ல வந்துச்சே.'

வாக்குமூலம் எவ்வளவு நொய்மையானது என்பதற்கும் தொலைவில் தேட வேண்டாம். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, ஓய்வு பெற்றபின் 2013-ல், தான் வாங்கித் தந்த பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வரி விடுபட்டது, பேரறிவாளன் சிறையில் கழித்தது 30 வருடத்துக்கும் மேல்.

எஸ்.பி. அலுவலகத்தில் இருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு வரும் பிரஸ் நோட்டில் 'விசாரணையில் தெரியவந்தது' என்று இருந்தால் அதை 'போலீஸ் தரப்பு கூறுகிறது' என்று மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் மாற்றுங்கள், முதல் பத்தியில் மட்டும் மாற்றினால் போதாது. கைதானவரின் வக்கீலுக்கு ஒரு போன் போடுங்கள். வக்கீல் யாரென்று தெரியாவிட்டால் ரிமாண்டுக்கு அழைத்துவந்த நீதிமன்றத்தில் தெரிந்துவிடும். எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு. அதனால் போலீஸ் தளத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மர்மம் ஒன்றும் இல்லை.

வீட்டுச் சோதனைச் செய்திகளிலும் இதே கதை. 'முக்கிய ஆவணங்கள் சிக்கின' என்று எழுதுகிறார்கள். பட்டியலைப் பார்த்தால் இரண்டு செல்போன், ஒரு பென்டிரைவ், நாலு புத்தகம். சோதனை நடந்த வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பட்டியலின் நகலைத் தர வேண்டும் என்பது சட்டம். சோதனையை ஒலி, ஒளிப்பதிவு செய்வதும் இப்போது கட்டாயம். வீட்டாரிடம் நகலைக் கேட்டு, என்ன எடுத்தார்கள் என்பதை எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஒன்றும் எடுக்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். அதுவும் செய்திதான்.

மோதல் கொலையைப் பிரஸ் நோட் வரிக்கு வரி எழுதுவது

பழைய வட ஆற்காட்டுக்கு இதில் தனி வரலாறு உண்டு. திருப்பத்தூரில் 1980 ஆகஸ்ட் 6 அன்று நடந்த குண்டுவெடிப்பில் காவல் ஆய்வாளர் பழனிசாமி உள்ளிட்ட போலீஸார் உயிரிழந்தனர். அந்த நாளில் இன்றும் அஞ்சலி செலுத்துகிறார்கள், செய்தியும் வருகிறது. வர வேண்டியதுதான், கடமையில் இறந்தவர்கள் அவர்கள். அதே காலத்தில் வட ஆற்காட்டிலும் தருமபுரியிலும் நக்சல்பாரி இளைஞர்கள் பலர் 'மோதலில்' கொல்லப்பட்டனர். மனித உரிமை அமைப்புகள் அந்த மோதல்களைக் கேள்விக்குள்ளாக்கின. ஆனால் அந்த இளைஞர்களின் ஊர், வயது, அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதைத் தேடிப் போனால் உள்ளூர்ச் செய்திகளில் கிடைப்பது மிகக் குறைவு. இரண்டு தரப்பு மரணத்தையும் ஒரே அக்கறையோடு பதிவு செய்திருந்தால், அந்தக் காலத்தைப் பற்றி இன்றைக்கு இந்த மாவட்டம் பேசுவதே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இப்போது கேட்பதற்கு வழி இருக்கிறது. மோதல் கொலைகளுக்கு 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்தது. மோதலுக்கு எஃப்ஐஆர் போட்டார்களா, எண் என்ன? விசாரிப்பது சிஐடியா, வேறு காவல் நிலையக் குழுவா? நீதித்துறை நடுவர் விசாரணை எப்போது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் 'தற்காப்புக்காகச் சுட்டனர்' என்ற வரி அச்சேறக் கூடாது.

எண்ணிக்கை

சுருக்கமாகச் சொன்னால் போதும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலில் இறந்தவர்கள் 359 பேர் என்று இலங்கை அதிகாரிகள் அறிவித்தார்கள். நாலாவது நாள் அவர்களே சுமார் 253 என்று குறைத்தார்கள். அரசு அறிவித்த எண்ணே நூறு தவறலாம் என்றால், 'மருத்துவமனை வட்டாரம்' சொன்ன எண்ணைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். அதே வாரத்தில் இலங்கைப் போலீஸ் சந்தேக நபர் என்று ஒரு அமெரிக்க மாணவியின் படத்தை வெளியிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டது. போலீஸ் தந்த படம்தானே என்று போட்டவர்கள் அனைவரும் அந்தத் தவறில் பங்காளிகள்.

எச்சரிக்கைச் செய்தி

ஆகஸ்ட் 15, டிசம்பர் 6, ஜனவரி 26. காட்பாடி ஜங்ஷனில் மோப்ப நாய், கோட்டை வாசலில் மெட்டல் டிடெக்டர், 'தீவிரவாத அச்சுறுத்தல்: வேலூரில் உச்சகட்டப் பாதுகாப்பு'. வருடம் மூன்று முறை வரும் இந்தச் செய்தியில் 'வழக்கமான பாதுகாப்பு ஏற்பாடு' என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. குறிப்பிட்ட தகவல் வந்திருக்கிறதா, வழக்கமான சோதனையா என்று அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். ஒத்திகை என்றால் தலைப்பிலேயே ஒத்திகை என்று வர வேண்டும்.

2019 ஏப்ரல் இறுதியில், தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் தாக்குதல் நடக்கப்போகிறது, ராமநாதபுரத்தில் 19 பயங்கரவாதிகள் பதுங்கியிருக்கிறார்கள் என்று பெங்களூரு போலீஸுக்கு ஒரு போன் வந்தது. கர்நாடக டிஜிபி மற்ற மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார், கடிதம் வெளியே கசிந்தது, ஸ்க்ரோல் ஓடியது. போன் செய்தவர் ஒரு லாரி ஓட்டுநர், தகவல் பொய் என்று சீக்கிரமே தெரிந்து கைது செய்தார்கள். பயம் ஓடிய வேகத்தில் இந்த மறுப்பு ஓடவில்லை. மிரட்டல் போன், ஈமெயில் செய்திகளில் மிரட்டியவர் எழுதிய வாசகத்தையும், எப்படி அனுப்பினார் என்பதையும் அப்படியே போடாதீர்கள். அடுத்தவர் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்.

ஊரையும் சமூகத்தையும் முத்திரை குத்துவது

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு. தோல் தொழிலிலும் காலணித் தொழிலிலும் இந்தியாவுக்கே பெயர் வாங்கித் தந்த ஊர்கள். ஒரு சோதனை நடந்தவுடன் 'முஸ்லிம்கள் அதிகம் வசிக்கும் பகுதி' என்ற அடைமொழி எழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திருட்டு வழக்கில் தெருவின் மதத்தை எழுதுவதில்லையே. தேவை என்றால் எதற்குத் தேவை என்று டெஸ்க் ஒருமுறை கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அடித்துவிட வேண்டும்.

2015 ஜூனில் ஆம்பூரில் நடந்தது போலீஸ் விசாரணைக்குப் போன இளைஞரின் மரணத்தை ஒட்டிய வன்முறை. வாகனங்கள் எரிந்தன, போலீஸார் காயமடைந்தனர். அது கலவரம். கலவரத்துக்குக் கலவரம் என்ற சொல் போதுமான கனம் உடையது. அதைப் பயங்கரவாதத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசிய பேச்சுகள், விசாரணை மரணம் என்ற மூலக் கேள்வியையே மறைத்துவிட்டன.

முத்திரைக்குப் பயந்து மழுப்புவதும் தீர்வல்ல. இந்து முன்னணி மாநிலச் செயலாளர் வெள்ளையப்பன் 2013 ஜூலை 1 அன்று வேலூரில் கொல்லப்பட்டார். அந்த மாதம் 19-ம் தேதி சேலத்தில் பாஜக நிர்வாகி ஆடிட்டர் ரமேஷ் கொல்லப்பட்டார். 'முன்விரோதம்' என்றும் 'பெரும் சதி' என்றும் இரண்டு கதைகள் ஒரே நேரத்தில் உலவின. கொலையை அரசியல் கொலை, பயங்கரவாதக் கொலை என்று ஐயப்பட ஆதாரம் இருந்தால், அந்த ஆதாரத்தை எழுத வேண்டும். குறிப்பிட்ட நபர் மீதான குற்றச்சாட்டை அவர் பெயரோடு, வழக்கு எண்ணோடு எழுதினால் தெருவை இழுக்க வேண்டிய அவசியமே வராது.

எந்தத் தாக்குதலுக்கு எவ்வளவு இடம் தருகிறோம் என்பதும் கருத்தை உருவாக்கும். அமெரிக்காவில் 2006 முதல் 2015 வரை நடந்த தாக்குதல்களை ஆராய்ந்த ஒரு கல்வி ஆய்வு, தாக்கியவர் முஸ்லிம் என்றால் சராசரியாக 357 சதவீதம் அதிகச் செய்தி வந்ததாகக் கண்டது. அந்த எண் அமெரிக்காவுடையது. நம் பதிப்புகளுக்கு இப்படி எண்ணிப் பார்க்க ஒரு மாத பேப்பர் கட்டும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். ஒவ்வொரு வன்முறைச் செய்திக்கும் பக்கம், காலம், படம் உண்டா, மதம் குறிப்பிட்டார்களா என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பினால், எங்கே சாய்கிறோம் என்பது கண்ணுக்கே தெரியும்.

வேலூருக்கு மட்டும் உள்ள ஒன்று: சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், வடகிழக்கு, பங்களாதேஷில் இருந்து நோயாளிகள் வந்தபடியே இருக்கிறார்கள். சுற்றுவட்ட லாட்ஜுகளில் மாதக் கணக்கில் தங்குகிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அதற்கான படிவத்தைப் பதிய வேண்டும். படிவம் பதியாதது லாட்ஜின் தவறு. விசா முடிந்தும் தங்கியது குடியேற்ற விதிமீறல், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டையும் 'ஊடுருவல்', 'பயங்கரவாதத் தொடர்பா?' என்று எழுதினால், அடுத்த நாள் கீமோதெரபிக்கு வந்தவருக்கு அறை கிடைக்காது. வங்க மொழி பேசுகிற எல்லோரும் பங்களாதேஷிகளும் அல்ல. பாஸ்போர்ட்டா, ஆதாரா, எந்த மாநிலம் என்று கேட்காமல் நாட்டின் பெயரை எழுதாதீர்கள்.

நேரலை

2008 மும்பைத் தாக்குதலின்போது சேனல்களின் நேரலையைப் பாகிஸ்தானில் இருந்தவர்கள் பார்த்து, உள்ளே இருந்தவர்களுக்குப் போனில் வழிகாட்டினார்கள். கசாப் வழக்கின் 2012 ஆகஸ்ட் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-ல் கேபிள் டிவி விதிகளில் ஒரு பிரிவு சேர்ந்தது: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, அரசு நியமித்த அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தை மட்டும் ஒளிபரப்பலாம். பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரல் 26-ல் ஒன்றிய அரசு இதை மறுபடி நினைவூட்டியது.

கேபிள் விதி கைபேசியைப் பிடிக்காது என்று நினைப்பவர்கள் 2013 அக்டோபரை நினைத்துப் பார்க்கலாம். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த புத்தூரில் ஒரு வீட்டைப் போலீஸ் பல மணி நேரம் முற்றுகையிட்டது. வீட்டுக்குள் பெண்ணும் குழந்தைகளும் இருந்தார்கள். அதுபோன்ற தெருவில் ஒருவர் மொட்டை மாடியில் இருந்து ஃபேஸ்புக் லைவ் போனால், எந்தப் பக்கம் ஏணி வைக்கிறார்கள் என்பது உள்ளே தெரியும். ஜன்னல், நுழையும் வழி, போலீஸ் எத்தனை பேர், வாகனம் நிற்கும் இடம் இவை நடவடிக்கை முடியும் வரை எந்தத் திரையிலும் வரக் கூடாது. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்த பிறகு போடலாம்.

நேரலை அவசரத்தில் இறந்தவர் மீதே பழி விழும். 2025 மே 7 அன்று பூஞ்ச்சில் பாகிஸ்தான் ஷெல் வீச்சில் இறந்த ஒரு மதரஸா ஆசிரியரைச் சில தேசியச் சேனல்கள் பயங்கரவாதி என்று அறிவித்தன. பூஞ்ச் போலீஸே மறுக்க வேண்டியிருந்தது. அந்தச் சேனல்கள் காட்டியதை அப்படியே தமிழில் ஓட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. டெல்லி சொன்னது என்பதால் அது சரிபார்த்த செய்தி ஆகிவிடாது.

கைதானவரின் முகத்தைப் போடும் முன் அடையாள அணிவகுப்பு முடிந்ததா என்று கேளுங்கள். சாட்சி பேப்பரில் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிறையில் அடையாளம் காட்டினால், எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஒரு கட்டிங்கை வைத்தே சாட்சியத்தை உடைத்துவிடுவார். உண்மைக் குற்றவாளி தப்ப நம் படமே காரணமாகலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெயர், பள்ளி, படம் எதுவும் கூடாது, அது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். மனைவி, தாய், பிள்ளைகள் வாசலில் நிற்கும் படமும் வேண்டாம். அவர்கள் மீது வழக்கு இல்லை.

பின்தொடராமல் விடுவது

கைது முதல் பக்கம், எட்டுக் காலம். ஆறு வருடம் கழித்து விடுதலை என்றால் ஏழாம் பக்கம், ஒற்றைப் பத்தி, அதுவும் ஏஜென்சி காப்பி. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் 12 பேரையும் 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2008 மாலேகான் வழக்கில் ஏழு பேரும் அதே மாதம் 31-ல் விடுதலையானார்கள். முதல் வழக்கில் சிக்கியவர்கள் முஸ்லிம்கள், இரண்டாவதில் இந்துக்கள். கைதான நாளில் இரண்டு தரப்பையும் குற்றவாளிகளாக்கிய செய்திகள், விடுதலை நாளில் தங்களுக்குப் பிடித்த தரப்பை மட்டும் கொண்டாடின. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் கேள்வி, 'அப்படியானால் செய்தது யார்?', இரண்டு இடத்திலும் காணாமல் போனது.

பின்தொடர்வதற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. எஃப்ஐஆர் எண், காவல் நிலையம், பிரிவுகள், நீதிமன்றம், வக்கீல்கள் பெயர், அடுத்த வாய்தா தேதி இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். வழக்குக்கு 16 இலக்க சிஎன்ஆர் எண் கிடைத்தவுடன் அதையும் குறித்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் நிலவரம் பார்க்கலாம். என்ஐஏ வழக்கு பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது, வேலூர் நிருபருக்கு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். சென்னை நிருபருக்கு அந்தத் தெருவைத் தெரியாது. நிருபர் மாறும்போது நோட்டும் கைமாற வேண்டும். விடுதலைச் செய்தியைக் கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். இணையத்தில் பழைய செய்தியை அழிக்க வேண்டாம், அதன் தலையில் தீர்ப்பின் தேதியோடு முடிவை எழுதுங்கள். பத்து வருடம் கழித்து ஒருவர் பெயரைக் கூகுளில் தேடும் கம்பெனிக்கும், பெண் வீட்டாருக்கும் முதலில் வருவது அந்தப் பழைய பக்கம்தான்.

வாசகர் செய்யக்கூடியது

'நடவடிக்கை எடுப்பார்களா?' என்று அலுத்துக்கொள்வதற்கு முன் கெடுவைப் பாருங்கள், பெரும்பாலும் புகார் தோற்பது அங்கேதான். நாளிதழ், வார இதழ் செய்தி என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லாவிட்டால், செய்தி வந்த நாளில் இருந்து இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். மற்ற இதழ்களுக்கு நான்கு மாதம். டிவி சேனலுக்கு அவகாசம் மிகக் குறைவு. செய்தி ஒளிபரப்பாளர் சங்கத்தில் உள்ள சேனல் என்றால் ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் சேனலுக்கே எழுத வேண்டும், அதன் பிறகுதான் சங்கத்தின் தர ஆணையம். ஆகவே நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், ஸ்க்ரோல் படம் ஆகியவற்றை அன்றைக்கே எடுத்து வையுங்கள். இணையச் செய்தித் தளத்தில் குறைதீர் அலுவலர் 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பத்திரிகைக் கவுன்சில் புகாரில் சேர்க்க வேண்டியவை: செய்தியின் முழுக் கட்டிங், தமிழ்ச் செய்தி என்பதால் அதன் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், பதில் வந்திருந்தால் அது, இதே விஷயம் நீதிமன்றத்தில் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி. எந்த வரி தவறு, சரியான தகவல் என்ன, அதற்கு ஆதாரம் எது என்று மூன்றையும் வரி வரியாகப் பிரித்து எழுதுங்கள். 'எங்கள் சமூகத்தை இழிவுபடுத்திவிட்டார்கள்' என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் பதில் சொல்வது எளிது. 'மூன்றாம் பத்தியில் ஒப்புக்கொண்டார் என்று இருக்கிறது, ரிமாண்ட் உத்தரவில் அப்படி இல்லை' என்று எழுதினால் அவர் ஃபைலைத் திறந்துதான் ஆக வேண்டும்.